குறைகுடங்களின் கூத்து

டிசம்பர் சீசனில் ஒரு நடன நிகழ்ச்சி முடிந்ததும் மேடைக்குப் பின்னால் போய்ப் பாருங்கள். ஒப்பனை கலையாத முகத்தோடு ஆடியவர் நிற்பார். வரிசையாக வருகிறவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு "ரொம்ப நல்லா இருந்துச்சு", "கண்ணுல தண்ணியே வந்துடுச்சு" என்பார்கள். சக கலைஞர்களும் அதே வரிசையில்தான் நிற்பார்கள், அதையேதான் சொல்வார்கள். நிஜமான பேச்சு கேண்டீனில் காபியோடு ஆரம்பிக்கும். இரண்டாவது சரணம் இழுவை. ஐந்து பேர் ஆடும் இடத்தில் யாரைப் பார்ப்பதென்றே தெரியவில்லை. முத்தாய்ப்பாக வருகிற அந்தத் தாளக்கோவை, அந்தத் தீர்மானம், எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதே. இதில் பாதிக்கு மேல் சரியாகவே இருக்கும். போய்ச் சேரவேண்டியவருக்கு மட்டும் போய்ச் சேராது.

போய்ச் சேர்ந்தாலும் பெரிய பயன் இல்லை என்பதுதான் கொடுமை. கதை எழுதுகிறவர் நள்ளிரவில் எழுந்து நாலு பக்கம் எழுதிக் கிழித்துப் போடலாம், செலவு கிடையாது. நடனம் அமைக்கிறவர் ஒரே ஒரு வரியை மாற்றிப் பார்க்க நினைத்தாலும் ஐந்து பேர் வேண்டும். அந்த ஐந்து பேரும் ஆபீசிலிருந்தும் கல்லூரியிலிருந்தும் ஒரே நேரத்துக்கு வந்து சேர வேண்டும். ஹால் வாடகை மணிக்கணக்கில் ஓடும். பாட்டு, ஜதி என்னும் தாளச் சொற்களைச் சொல்லி ஆட்டத்தை நடத்தும் நட்டுவாங்கம், மிருதங்கம், வயலின் என்று நால்வரையும் ஒத்திகைக்குக் கூப்பிட்டால் அன்றைய சன்மானத்திலேயே முழி பிதுங்கிவிடும். அதனால் பலரும் ஒலிப்பதிவை ஒருமுறை செய்து முடித்துவிடுகிறோம். அதோடு அமைப்பும் உறைந்துவிடுகிறது. அப்புறம் சரணம் இழுவை என்று பிரம்மாவே வந்து சொன்னாலும் வெட்ட முடியாது.

ஆகவே கருத்து வரவேண்டியது அதற்கு முன்னால். ஆனால் அதற்கு முன்னால் நாம் யாரையும் உள்ளே விடுவதில்லை. குரு பார்ப்பார், அம்மா பார்ப்பார், மூத்த மாணவி ஒருத்தி பார்ப்பாள். மூன்று பேருக்கும் உண்மையைச் சொல்லாமலிருக்க அவரவர் நியாயம் இருக்கிறது.

சென்னையில் நடனம் அமைக்கிற நாங்கள் சிலர் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடுகிறோம். ஒரு நடனப் பள்ளியின் மாடி, தகரக் கூரை, மூலையில் நடராஜர், இரண்டு மின்விசிறிகள். அவற்றில் ஒன்று போடும் சத்தம் எந்தத் தாளத்திலும் சேராது. பெரும்பாலோர் பரதநாட்டியம். குச்சிப்புடி ஆடும் ஓர் அக்கா உண்டு. பள்ளி ஆண்டுவிழாக்களுக்கு நடனம் சொல்லிக்கொடுக்கும் ஒரு டீச்சர் உண்டு. சினிமாவில் உதவி டான்ஸ் மாஸ்டராக இருக்கும் ஒரு தம்பி, ஷூட்டிங் இல்லாத மாதங்களில் வருவார். விதி ஒன்றுதான்: முடிந்த ஐட்டத்தைக் கொண்டுவரக் கூடாது. அரைகுறையாக இருப்பது, எங்கேயோ மாட்டிக்கொண்டு நிற்பது, இதை வைத்துக்கொள்வதா தூக்கிப் போடுவதா என்று தெரியாதது, இவற்றைத்தான் காட்ட வேண்டும். குறைகுடம் கூத்தாடும் என்று பெரியவர்கள் திட்டினார்கள். கூத்தாடுவதையே தொழிலாக வைத்திருப்பவர்கள் அதற்கு ஏன் கோபப்பட வேண்டும்?

நம் ஊரில் கலைஞர்கள் கூடுவதற்கு இடமே இல்லை என்று சொல்லமாட்டேன். தி.நகர் ஸ்ரீ கிருஷ்ண கான சபாவின் நாட்டிய கலா மாநாடு 1981-லிருந்து டிசம்பரில் நடக்கிறது. காலை வேளைகளில் லெக்-டெம் (செய்துகாட்டியபடி பேசுவது), உரை, கலந்துரையாடல். பழைய பாணி ஆசிரியர் ஒருவர் மேடையில் உட்கார்ந்தபடியே பதம் என்கிற அபிநயப் பாட்டின் ஒரே வரிக்குக் கண்ணாலும் கையாலும் விதவிதமாகப் பொருள் சொல்வதைப் பார்க்கிற வாய்ப்பு மாநாடுகளில்தான் கிடைக்கும். ஆனால் எந்த மாநாடானாலும் மேடை மேலே, நாற்காலி கீழே. பேசுகிறவர் கண்டுபிடித்து முடித்ததைச் சொல்கிறார். கேள்வி நேரத்தில் எழுகிறவர்களில் பாதிப் பேர் தங்கள் குருவின் பெருமையைச் சொல்லிவிட்டு உட்காருகிறார்கள். மாட்டிக்கொண்டு நிற்கிற ஒருவர் அங்கே எழுந்து, "எனக்கு மூணாவது நிமிஷத்துக்கு அப்புறம் என்ன பண்றதுன்னே தெரியல" என்று சொல்ல முடியாது.

கோடம்பாக்கத்தில் கதை வேறு. திரைப்பட நடனக் கலைஞர்களுக்கும் நடன இயக்குநர்களுக்கும் சங்கம் இருக்கிறது, உறுப்பினர் கார்டு இருக்கிறது, சம்பளப் பேச்சுவார்த்தை இருக்கிறது. சபா மேடையில் ஆடுகிற எங்களுக்கு அதுவும் கிடையாது. சம்பளத்தைப் பற்றிப் பேசுவதே அபசாரம் என்று வளர்க்கப்பட்டவர்கள் நாங்கள். அதைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

முடிக்காததைக் காட்டுவதற்கென்றே கூடியவர்களில் எனக்கு மிகவும் பிடித்த கூட்டம் நியூயார்க்கில் நடந்தது. 1960-இன் இலையுதிர் காலத்தில், நடன அமைப்பாளர் மெர்ஸ் கன்னிங்ஹாமின் நடனக்கூடத்தில் ராபர்ட் டன் என்பவர் நடன அமைப்பு வகுப்பு ஒன்றைத் தொடங்கினார். அவர் அங்கே நடனத்துக்குப் பியானோ வாசிப்பவர். இசையமைப்பாளர் ஜான் கேஜிடம் இசை அமைப்பு படித்தவர். வகுப்புக்கு முதலில் வந்தவர்கள் ஐந்தே பேர். ஸ்டீவ் பாக்ஸ்டன், இவான் ரெய்னர், சிமோன் ஃபோர்ட்டி மூவரும் அதில் அடக்கம். பின்னால் ட்ரிஷா பிரவுன், டேவிட் கார்டன், டெபோரா ஹே, லூசிண்டா சைல்ட்ஸ் எல்லாம் வந்து சேர்ந்தார்கள். டன் கொடுக்கும் வீட்டுப்பாடங்கள் விசித்திரமானவை. ஒரு வாரம், மூன்று நிமிடத்துக்கு ஒரு நடனம், வேறு எந்த நிபந்தனையும் இல்லை. ஒரு மாணவர் அழப் பழகிக்கொண்டு வந்து மூன்று நிமிடமும் அழுதார். ஸ்டாப்வாட்சைக் கையில் வைத்திருந்த ட்ரிஷா பிரவுன், நேரம் முடியப்போகிற சமயத்தில் "நிறுத்து, நிறுத்து" என்று கத்த வேண்டும், அவருக்கு அதுதான் வேலை. இதை அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

அழுவது நடனமா என்று நம் சபாவில் கேட்டால் மாநாடே கலைந்துவிடும். டன் அந்தக் கேள்வியையே கேட்கவில்லை என்பதுதான் எனக்கு முக்கியம். நன்றாக இருக்கிறது, இல்லை என்ற தீர்ப்பை ஒதுக்கி வைத்துவிட்டு, இதை எப்படிச் செய்தாய், எந்த விதியை வைத்துக்கொண்டாய், அந்த விதி உன்னை எங்கே கொண்டுபோய் விட்டது என்றுதான் பேசினார்கள். தீர்ப்புக்குப் பயப்படாதவர்கள் நிறையச் செய்து பார்ப்பார்கள். அவர்களில் சிலர் வேறோர் அரங்கின் இளம் கலைஞர் தேர்வுக்குப் போய்த் தேறாமல் திரும்பினார்கள். வாஷிங்டன் சதுக்கத்தில் இருந்த ஜட்சன் நினைவு தேவாலயத்தை அணுகினார்கள், இடம் கிடைத்தது. 1962 ஜூலை 6 அன்று, நல்ல வெயில் காலத்தில், இலவச நிகழ்ச்சி. பதினான்கு பேர் அமைத்த இருபத்து மூன்று படைப்புகள், மூன்று மணி நேரத்துக்கு மேல். சுமார் 300 பேர் பார்த்தார்கள். டன்னின் வகுப்பு நின்ற பிறகும் வாராவாரம் தாங்களாகவே கூடினார்கள், முதலில் ரெய்னரின் இடத்தில், அப்புறம் தேவாலயத்தின் அடித்தளத்தில். நிகழ்ச்சியில் எதைச் சேர்ப்பது என்பதைக்கூட எல்லோரும் ஒத்துக்கொண்டுதான் முடிவு செய்தார்கள். 1964 வரை ஓடியது. உலக நடன வரலாற்றில் ஓர் அத்தியாயமே அவர்கள் பெயரில் இருக்கிறது. ஆனாலும் எனக்கு அந்த அடித்தளத்து வாராந்திரக் கூட்டங்களில்தான் அதிக ஈடுபாடு.

சரி, எங்கள் மாடிக்கு வருகிறேன்.

ஆரம்பத்தில் எங்கள் கூட்டமும் கேண்டீன் பேச்சாகத்தான் இருந்தது, காபி மட்டும் இல்லை. ஆளாளுக்குத் தன் ஐட்டமாக மாற்றிக்கொடுப்பார்கள். "நானா இருந்தா இங்க ஒரு கோர்வை வெச்சிருப்பேன்" என்பது எங்கள் தேசிய கீதம். காட்டியவர் எழுந்து போகும்போது அவர் ஐட்டம் அவர் கையில் இருக்காது. பிறகு ஒரு தோழி அமெரிக்காவில் படித்துவிட்டு வந்து, லிஸ் லெர்மன் வகுத்த முறையைச் சொல்லிக்கொடுத்தாள். லெர்மன் வாஷிங்டன் பக்கத்து நடன அமைப்பாளர். 1976-இல் டான்ஸ் எக்ஸ்சேஞ்ச் என்ற குழுவைத் தொடங்கி, முதியவர்களையும் மேடையில் ஆடவைத்தவர். விமர்சனம் கேட்பதும் சொல்வதும் தனக்கே உறுத்தலாக இருந்ததால் 1990-இல் இந்த முறையை உருவாக்கினார்.

படிகள் நான்கு. பார்த்தவர்கள் முதலில் தங்கள் மனதில் தங்கியதைச் சொல்ல வேண்டும். அடுத்து, அமைத்தவர் தன் சந்தேகங்களைக் கேட்பார். மூன்றாவதாகப் பார்த்தவர்கள் கேட்கலாம், ஆனால் கேள்விக்குள் கருத்தை ஒளித்துவைக்கக் கூடாது. "ஏன் இவ்வளவு நீளம்?" என்பது கேள்வி இல்லை, திட்டு. "நீளத்தை எப்படி முடிவு பண்ணீங்க?" என்பது கேள்வி. கடைசியில்தான் கருத்து, அதுவும் அனுமதி கேட்டு: "அந்தத் தீர்மானத்தைப் பத்தி எனக்கு ஒரு கருத்து இருக்கு, கேக்கறீங்களா?" அமைத்தவர் வேண்டாம் என்று சொல்லலாம். நடுவில் ஒருவர் இருந்து இதையெல்லாம் நடத்திக்கொண்டு போவார்.

கேட்கும்போது நாடகத்தனமாக இருந்தது. நம் ஊரில் கருத்து சொல்ல அனுமதி கேட்பதா? எதிர்வீட்டு மாமிகூடக் கேட்டதில்லை. ஆனால் மூன்றாவது படி செய்கிற வேலையைக் கண்ணால் பார்த்தபிறகு நான் வாயை மூடிக்கொண்டேன்.

ஓர் அக்கா தண்ணீர் லாரி வரிசையை வைத்து ஒரு ஐட்டம் செய்துகொண்டிருந்தார். ஐந்து பெண்கள், கலர் கலராக பிளாஸ்டிக் குடங்கள், எட்டு அட்சரம் (எண்ணிக்கை) கொண்ட ஆதி தாளம். வரிசை மெல்ல மெல்ல முன்னால் நகர வேண்டும். அடவுகள் என்கிற அடிப்படை அசைவுகள் சுத்தம், முழங்கால் மடக்கி நிற்கும் அரைமண்டி எல்லாம் உட்கார்ந்தே இருந்தது, ஆனாலும் வரிசை வரிசையாகத் தெரியவில்லை. மார்கழி ஊர்வலம் மாதிரி ஏதோ பக்தியாக இருந்தது. என் வாயில் "குடத்தை எடுத்துடுங்க, வெறும் கையாலேயே காட்டுங்க" என்று துடித்தது. மூன்றாவது படி, பேசக் கூடாது. அப்போது சினிமா தம்பி கேட்டார்: "அக்கா, கடைசிப் பொண்ணு எந்தக் கவுண்ட்ல நகரணும்னு எப்படி முடிவு பண்ணீங்க?"

அக்கா பதில் சொல்ல வாயைத் திறந்தார், மூடினார். முடிவே பண்ணவில்லை. சமத்தில், அதாவது தாளத்தின் முதல் தட்டில், ஐந்து பேரும் சேர்ந்து நகர்ந்தார்கள், ஏனென்றால் நாங்கள் எல்லோரும் சமத்தில் சேர்ந்து நகரவே பழகியவர்கள். நிஜ வரிசையில் யாரும் அப்படி நகரமாட்டார்கள். முன்னால் இருப்பவள் நகர்ந்து இடம் விட்ட பிறகுதான் அடுத்தவள் நகர முடியும். அப்போதே எழுந்து செய்து பார்த்தார்கள். முதலாமவள் சமத்தில், அடுத்தவள் ஓர் அட்சரம் தள்ளி, அதற்கடுத்தவள் இன்னோர் அட்சரம் தள்ளி. தாளத்தின் முதல் பகுதியான லகுவின் நான்கு அட்சரத்தில் நான்கு பேர். ஐந்தாமவள் அதற்கடுத்த பகுதியான முதல் துருதத்தின் தட்டில் நகர்ந்தாள். மிச்சம் மூன்று அட்சரம் அத்தனை பேரும் அசையாமல் காத்திருந்தார்கள். அந்தக் காத்திருப்பில்தான் லாரி வந்தது. குடத்தை எடுக்கச் சொல்ல நினைத்த நான் எவ்வளவு தூரத்தில் நின்றுகொண்டிருந்தேன் என்று யோசித்துப் பாருங்கள். நான் சொல்லியிருந்தால் குடம் போயிருக்கும், ஊர்வலம் அப்படியே இருந்திருக்கும்.

கடைசிப் படியில் இன்னொருவர் முடிவுத் தீர்மானத்தைப் பற்றிக் கருத்து சொல்ல அனுமதி கேட்டார். அக்கா "இப்ப வேண்டாம்மா" என்றார். கேட்டவருக்கு முகம் சிறுத்துவிட்டது. அன்று முழுக்க அவர் சரியாகப் பேசவில்லை, அடுத்த மாதம் வரவும் இல்லை. அதற்கடுத்த மாதம் வந்தார். இந்த முறை எல்லாருக்கும் ஒத்துவரும் என்று நான் சொல்லமாட்டேன். பெரியவர்கள் முன்னால் "கேக்கறீங்களா" என்பது நம்மிடம் வெறும் மரியாதைச் சொல்லாகிவிடும். வேண்டாம் என்று சொல்லும் தைரியம் சின்னவர்களுக்கு வராது. அதனால் வயதில் மூத்தவர்கள் கடைசியில்தான் பேச வேண்டும் என்று நாங்களாக ஒரு விதியைச் சேர்த்துக்கொண்டோம். அது லெர்மனின் முறையில் இல்லை. மயிலாப்பூருக்குத் தேவை.

"இப்படி மாடியில உக்காந்து பேசி என்னதான் ஆகப்போகுது?" என்று ஆண்டுவிழா டீச்சர் ஒருநாள் அலுத்துக்கொண்டார். அவருக்குச் சொன்ன, ஒடிசாவின் கட்டாக் நகரத்துக் கதையை இங்கேயும் சொல்லிவிடுகிறேன்.

இன்றைக்கு ஒடிசி நிகழ்ச்சிக்குப் போனால் மங்களாசரண், பட்டு, பல்லவி, அபிநயம், மோட்சம் என்று வரிசை போகும். ஆயிரம் வருடமாக அப்படியே வந்தது மாதிரி இருக்கும். கொனார்க் சிற்பங்கள் பழையவை, பூரி கோயிலில் ஆடிய மஹரிகளின் மரபு பழையது, சிறுவர்கள் பெண் வேடமிட்டு ஆடும் கோட்டிபுவாவும் பழையது. ஆனால் அந்த வரிசைக்கு என் அம்மாவின் வயதுதான். 1950-களில் இந்த ஆட்டம் துண்டு துண்டாகக் கிடந்தது. கோயிலில் கொஞ்சம், கிராமத்தில் கொஞ்சம், கட்டாக்கின் நாடகக் கொட்டகைகளில் காட்சிக்குக் காட்சி நடுவே கொஞ்சம். ஒரு மாலை முழுக்க ஆடுகிற அளவுக்கு யாரிடமும் சரக்கு இல்லை. 1954-இல் டெல்லியில் பல்கலைக்கழக இளைஞர் விழாவில் பிரியம்வதா மொஹந்தி என்ற மாணவி ஆடியதைப் பார்த்து, சார்லஸ் ஃபாப்ரி என்ற விமர்சகர் வியந்து எழுதினார். 1958-இல் சங்கீத நாடக அகாதமி டெல்லியில் நடத்திய நடனக் கருத்தரங்கில், இது தனித்த செவ்வியல் நடனம் என்று காளிசரண் பட்நாயக் வாதிட்டார். பரதநாட்டியத்தின் ஒரு கிளைதானே இது என்ற பேச்சும் அந்தக் காலத்தில் இருந்தது. அதை நம்மவர்கள்தான் கிளப்பியிருக்க வேண்டும், நமக்கு அந்தச் சுபாவம் உண்டு.

வாதாடுவதற்கு முதலில் கையில் இருப்பது என்ன என்று தெரிய வேண்டுமே. அந்தக் காலகட்டத்தில்தான் கட்டாக்கில் குருமாரும் அறிஞர்களும் சேர்ந்து ஜயந்திகா என்ற அமைப்பாகக் கூடினார்கள். பங்கஜ் சரண் தாஸ், கேலுசரண் மஹாபாத்ரா, தேபபிரசாத் தாஸ், மாயாதர் ராவுத், எழுத்தாளர் தீரேந்திரநாத் பட்நாயக் என்று பட்டியல் நீளும். பங்கஜ் சரண் மஹரி குடும்பத்தில் வளர்ந்தவர். கேலுசரண் தாளவாத்தியக்காரர், நாடகக் கொட்டகையில் வேலை பார்த்தவர். அங்கே பங்கஜ் சரணின் கீழ் ஆடியவர். மாயாதர் ராவுத் நம் சென்னை கலாக்ஷேத்ராவில் படித்துவிட்டு ஊர் திரும்பியவர். ஹஸ்தங்கள் என்கிற கை முத்திரைகளுக்கு நூல் சொல்லும் பெயர்கள், ரச பாவ இலக்கணம், ஒரு வரிக்குப் பலவிதமாகப் பொருள் காட்டும் சஞ்சாரியை விரிக்கும் விதம் எல்லாவற்றையும் அவர் கையோடு கொண்டுபோனார். கேலுசரணின் புகழ்பெற்ற மாணவி சஞ்சுக்தா பாணிக்ரஹியும் சிறுமியாகக் கலாக்ஷேத்ராவில் படித்தவர்தான். ஆகவே அந்தக் கட்டாக் அறையில் அடையாற்றுக் காற்றும் கொஞ்சம் வீசியது.

தொழிலில் ஒருவருக்கொருவர் போட்டியாளர்கள். மாணவர்களும் அதே ஊர்க்காரர்கள். அப்படியிருந்தும் உட்கார்ந்தார்கள். என் குரு இதை இப்படிச் சொல்லிக்கொடுத்தார், உன் குரு எப்படி? இந்த நிலைக்கு நீங்கள் என்ன பெயர் வைத்திருக்கிறீர்கள்? சௌக்காவும் திரிபங்கியும் அடிப்படை நிலைகள் என்று வகுத்தார்கள், நிகழ்ச்சிக்கு வரிசை வைத்தார்கள். சில வருடங்களில் கூட்டம் கலைந்தது, ஆளுக்கொரு பாதையில் போனார்கள். தேபபிரசாத் தாஸின் பாணி ஒரு பக்கம், கேலுசரணின் பாணி ஒரு பக்கம். இன்றும் ஒடிசி ஆடுகிறவரின் இடுப்பையும் மேலுடலையும் பார்த்தே எந்தக் குருவின் வழி என்று சொல்லிவிடுவார்கள். ஒன்றாக உட்கார்ந்ததால் எல்லோரும் ஒரே மாதிரி ஆகிவிடவில்லை. வரிசை பொதுவானது, கைவண்ணம் அவரவருடையது.

இதில் எனக்கு ஒரு நெருடல் உண்டு. ஜயந்திகாவின் குருமாராக நினைவுகூரப்படுகிறவர்கள் எல்லோரும் ஆண்கள். கோயிலில் ஆடிய பெண்களான மஹரிகளின் பெயர் அந்தப் பட்டியலில் இல்லை. நம் பக்கத்து தேவரடியார் கதையை அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல. யார் அறைக்குள் இருந்தார்கள் என்பதைப் பொறுத்துத்தான் எது மரபு என்பதும் முடிவாகிறது.

நம்மிடமும் இப்படி ஒரு வரிசை உண்டே. அலாரிப்பு, ஜதிஸ்வரம், சப்தம், வர்ணம், பதம், தில்லானா என்ற மார்க்கத்தை ஒழுங்கு செய்தவர்கள் தஞ்சை நால்வர். சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முதற்பகுதியில், இரண்டாம் சரபோஜியின் அரசவையோடு தொடர்புடையவர்கள். நால்வரும் அண்ணன் தம்பிகள், ஒரே வீடு, ஒரே அடுப்பு. அவர்களுக்கு மாநாடு தேவைப்படவில்லை. சாப்பாட்டு நேரத்திலேயே வர்ணத்துக்கு எத்தனை தீர்மானம் என்று பேசி முடித்திருப்பார்கள் என்று நான் கற்பனை செய்துகொள்வதுண்டு.

கூட்டம் ஒருவரைத் திரும்ப ஆட்டத்துக்குள் கொண்டுவந்த கதையும் உண்டு. காஞ்சிபுரம் எல்லப்பப் பிள்ளையிடம் பரதநாட்டியம் படித்த சந்திரலேகா 1970-களின் தொடக்கத்தில் மேடையை விட்டு விலகிவிட்டார். 1984-இல் பம்பாயில் கிழக்கு–மேற்கு நடனச் சந்திப்பு நடந்தது. ஜெர்மன் பண்பாட்டு மையமான மாக்ஸ் முல்லர் பவனின் கேயார்க் லெக்னர் முன்னின்று நடத்தியது. கதக் கலைஞர் குமுதினி லாக்கியாவும் ஜெர்மனியின் நடனக் கலைஞர் சூசன்னே லிங்கேயும் வந்த இடம் அது. அங்கே சந்திரலேகா தன் பழைய படைப்புகளோடு மறுபடி மேடைக்கு வந்தார். அடுத்த வருடமே 'அங்கிகா' என்ற அவர் படைப்பு வந்தது. களரியும் யோகாவும் பரதமும் ஒரே தரையில். அதற்குப் பிறகு பெசன்ட் நகர் கடற்கரை வீட்டிலிருந்து அவர் செய்தது ஊரறிந்தது. 1984-க்கு முன் அவர் சும்மா இருந்தார் என்பதில்லை, மனதுக்குள் அவர் ஆடிக்கொண்டேதான் இருந்திருப்பார். ஆனால் வா, காட்டு என்று யாரோ கூப்பிட வேண்டியிருக்கிறது.

இதையெல்லாம் கேட்டுவிட்டு டீச்சர் கேட்டார்: "எல்லாம் சரி, காட்டினதை யாராவது சுட்டுட்டா?"

நியாயமான பயம். பழைய நட்டுவனார்கள் ஜதிகளை நோட்டுப் புத்தகத்தில் எழுதிப் பெட்டியில் பூட்டிவைத்தார்கள் என்று கேலி செய்கிறோம். இன்று ஒத்திகையில் யாராவது செல்போனைத் தூக்கினாலே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது, மறுநாள் ரீல்ஸில் அது வேறொருவர் காலில் ஓடும். 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம் நடன அமைப்பையும் நாடகப் படைப்புகளோடு சேர்த்தே பாதுகாக்கிறது. ஆனால் அது எழுத்திலோ வேறு வடிவிலோ பதிவாகியிருக்க வேண்டும். தரையில் மட்டும் இருப்பதற்குச் சட்டத்தில் இடம் இல்லை. ஆகவே மாடியில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். தேதி, யார் காட்டியது, எந்தப் பகுதி, ஜதி இருந்தால் சொற்கட்டோடு. செல்போன்கள் செருப்போடு வெளியே. இன்னொருவரின் யோசனையை எடுத்துக்கொண்டால் கேட்டுவிட்டு எடுக்க வேண்டும், நிகழ்ச்சித் தாளில் பெயர் போட வேண்டும். கோர்ட்டுக்குப் போனால் இந்த நோட்டு எவ்வளவு நிற்கும் என்பது வேறு விஷயம். எழுதுகிறோம் என்பதே பலருக்குப் போதுமானதாக இருக்கிறது.

சம்பளத்தைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன். எந்த ஊரில் எவ்வளவு தருகிறார்கள், யார் ஆறு மாதம் இழுத்தடிக்கிறார்கள், யார் நம்மிடமே பணம் கேட்கிறார்கள் என்று எங்களுக்குள் பேச ஆரம்பித்தது தற்செயலாகத்தான். ஒருத்தி தன் தொகையைச் சொன்னாள். இன்னொருத்தி அதே மேடையில் தனக்குக் கொடுத்தது அதில் பாதி என்றாள். அன்று தேநீர் ஆறிப்போனது. அன்றிலிருந்து ஒருவரிடம் ஒருவர் விசாரிக்காமல் தேதி கொடுப்பதில்லை. அப்புறம் முழங்கால். சிமெண்ட் தரையில் வருடக்கணக்காகத் தட்டிய முழங்கால்களுக்கு எந்த பிசியோதெரபிஸ்ட் "ஆடறத நிறுத்துங்க" என்று சொல்லாமல் வைத்தியம் பார்ப்பார், எந்த ஹாலில் மரத்தரை இருக்கிறது, நிகழ்ச்சிக்கு முந்தின நாள் பாடகருக்குத் தொண்டை கட்டினால் யாரைக் கூப்பிடலாம். இவை எந்த மாநாட்டு நிகழ்ச்சி நிரலிலும் வராது. கலை பற்றிய பேச்சைவிட இதற்காகத்தான் பாதிப் பேர் வருகிறார்கள் என்று எனக்குச் சந்தேகம். வரட்டும்.

இப்போது ஒரு சண்டை ஓடிக்கொண்டிருக்கிறது. எங்களுக்கு வழக்கமாக மிருதங்கம் வாசிக்கும் அண்ணா, "நீங்க மட்டும் உக்காந்து அரை அட்சரம் தள்ளுறீங்க, ஒரு அட்சரம் தள்ளுறீங்க. கடைசில வாசிக்கறது நாங்க. எங்களக் கூப்பிட்டா என்ன?" என்று கேட்டுவிட்டார். இசைக்கலைஞர்கள் வந்தால் பேச்சு கணக்குக்குள் போய்விடும், உடம்பைப் பற்றிப் பேச நேரம் இருக்காது என்று ஒரு கட்சி. கூப்பிடாவிட்டால் ஒலிப்பதிவு அன்றுதான் எல்லாம் தெரியவரும் என்று இன்னொரு கட்சி. நான் இரண்டாவது கட்சி. ஓட்டெடுப்பு வேண்டாம் என்று முடிவாகியிருக்கிறது. அடுத்த மாதம் அவரை மட்டும் கூப்பிட்டிருக்கிறோம். மூன்றாவது படியில் கருத்து சொல்லக் கூடாது என்று யார் அவரிடம் சொல்வது என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை.